வாயில் யாருக்குத் திறக்கிறது?

2025ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 28ஆம் நாள் தொடங்கி டிசம்பர் 10ஆம் நாள் வரையில், சென்னை எழும்பூர் மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கத்திலும், மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் புதிதாக எழுப்பப்பட்ட அரங்கத்திலும் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி நடைபெற்றதை நீங்கள் அறிவீர்கள். அதற்கு முன் 16 அணிகள் ஆடிவந்த போட்டியில் அவ்வாண்டு முதன்முறையாக 24 அணிகள் களம் கண்டன. ஜெர்மனி ஸ்பெயினை வென்று கோப்பையைக் கொண்டு சென்றது. நம் நாட்டு இளைஞர்கள் அர்ஜென்டினாவை 4–2 என்ற கணக்கில் வென்று வெண்கலப் பதக்கம் பெற்றனர்.

வெற்றி தோல்விகளைப் படித்தோம், மகிழ்ந்தோம், மறந்தும் போயிருப்போம். ஆனால், மறக்கக் கூடாத செய்தி ஒன்று அந்தப் போட்டியோடு பிணைந்து கிடக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது என்று அறிவித்தார்கள்! இணையத்தில் பெயரைப் பதிந்து இலவசச் சீட்டைப் பெற்றுக்கொண்டு, எவரும் உள்ளே வரலாம் என்றார்கள். கார் வைத்திருப்பவரும் வரலாம், காலணி இல்லாதவரும் வரலாம்.

நல்ல செயல். நாவாரப் பாராட்டுவோம். நல்லதை நல்லது என்று சொல்லத் தயங்குவது அரசியல் ஆகாது. ஆயினும், பாராட்டோடு நின்றுவிட நமக்கு உரிமையில்லை. ஒரு போட்டிக்குத் திறந்த வாயில் அடுத்த போட்டிக்கும் திறக்குமா? திறந்தது ஒருவரின் தாராள மனமா, நாட்டின் நெறியா? மனம் என்றால், நாளை மாறலாம். நெறி என்றால், எவர் வந்தாலும் மாற்ற முடியாது. இளையோர் ஆட்டத்தைக் காணும் வாய்ப்பு சலுகையாக இருத்தல் போதாது, உரிமையாதல் வேண்டும். இதுவே இன்று உங்கள் முன் நான் வைக்கும் கருத்து.

"என்னய்யா இது! விலைவாசியும் வேலையின்மையும் வாட்டுகிற நாட்டில், பந்தாட்டத்துக்கு டிக்கட் விலையா பெரிய பிரச்சினை?" என்று கேட்கும் நண்பர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு நான் நினைவூட்ட விரும்புவது டூரிங் கொட்டகையின் தரை டிக்கட்டை! மணலைக் கூட்டி மேடாக்கி அதன்மேல் அமர்ந்து படம் பார்த்தானே பாட்டாளி, அவன் கொடுத்த காசில் அல்லவா தமிழ்த் திரையுலகம் வளர்ந்தது? நம் இயக்கத்து நாடகங்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டோம், மறுப்பதற்கில்லை. ஆனால், நாடகத்தின் கருத்தை ஊர் ஊராகச் சுமந்து சென்றவன் நாற்காலிக்காரனா, தரை டிக்கட்டுக்காரனா? தரை டிக்கட் இல்லாதிருந்தால் அந்தக் கலை சீமான் வீட்டுக் கூடத்தைத் தாண்டியிருக்காது. எந்தக் கலையானாலும், எந்த ஆட்டமானாலும், அது யாருடையது என்பதை நிர்ணயிக்கும் இடம் மேடையன்று, வாயில்!

இளையோர் ஆட்டத்துக்கு அளவு மீறி விலை வைத்தால் என்ன நேரும் என்பதைக் காண, கடல் கடந்து கனடாவுக்குச் சென்று வருவோம். அங்கே ஹாக்கி என்றால் பனிக்கட்டித் தளத்தில் சறுக்குக் காலணி பூண்டு ஆடும் ஆட்டம். நமக்குக் கிரிக்கெட் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. இருபது வயதுக்குட்பட்டோர் ஆடும் உலகப் போட்டி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கிப் புத்தாண்டுக்கு அப்பால் சில நாள் வரை நடப்பது வழக்கம். அந்த நாட்களில் குடும்பம் குடும்பமாகத் தொலைக்காட்சிப் பெட்டி முன் அமர்ந்து காண்பது, நம் வீடுகளில் பொங்கல் போல, அங்கே விழாக்கால வழக்கமாகிவிட்டது. 2012இல் கால்கரி, எட்மன்டன் ஆகிய நகரங்களில் அது நடந்தபோது, நாலரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அரங்குகளுக்கு வந்தனர். அத்தனை ஆர்வம், அத்தனை ஆரவாரம்!

அதே நாட்டில், அதே போட்டி, 2015லும் மீண்டும் 2017லும் மான்ட்ரியால், டொரன்டோ ஆகிய இரு மாநகரங்களில் நடந்தது. மான்ட்ரியாலின் பெல் சென்டர் அரங்கம் ஏறத்தாழ 21,000 பேர் அமரக் கூடியது. பெரிய நகரம், பெரிய அரங்கம், ஆகவே பெரிய வசூல் என்று கணக்குப் போட்டார்கள். பல ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டாக வாங்கும்படி டிக்கட்டுகளை விற்றார்கள். நடந்தது என்ன? வரிசை வரிசையாக வெற்று நாற்காலிகள்! சொந்த நாட்டு அணி ஆடும்போதே காலியிடங்கள் தொலைக்காட்சியில் பளிச்சென்று தெரிந்தன. "இளைஞர் ஆட்டத்துக்கு இந்த விலையா?" என்று அந்நாட்டு ஏடுகளே கேட்டன.

விலை ஒன்றுதான் காரணம் என்று நான் வாதிடவில்லை. இரண்டே ஆண்டு இடைவெளியில் அதே நகரங்களுக்குப் போட்டியைக் கொண்டுவந்ததும் ஒரு காரணம் என்று கூறப்பட்டது. அதிலும் உண்மை உண்டு. ஆனால், தோழர்களே, வெற்று நாற்காலியின் கணக்கை எண்ணிப் பாருங்கள். விற்காத இருக்கையால் முதலாளிக்கு வருவது பூஜ்யம். அந்த இருக்கையில் அமர்ந்திருக்க வேண்டிய சிறுவனுக்கோ இழப்பு பூஜ்யமன்று! தன்னைவிட நாலு வயது மூத்த ஒருவன் களத்தில் பாய்வதைக் கண்டு, "நானும் இப்படி ஆடுவேன்" என்று எண்ணும் அந்த ஒரு நொடி அவனுக்குக் கிட்டாமற் போகிறது. அந்த நொடியை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது?

இன்னொன்றையும் கனடா கற்பிக்கிறது. அங்கே இளையோர் ஹாக்கி ஆண்டுக்கொருமுறை வரும் திருவிழா மட்டுமன்று. மூன்று பெரிய சங்கங்கள், ஏறத்தாழ 60 அணிகள், 16 முதல் 20 வயது வரையிலான பிள்ளைகள், குளிர்காலம் முழுவதும் ஆட்டம். வாயிலில் கட்டணம் உண்டு, விளம்பரம் உண்டு, தொலைக்காட்சி உண்டு. ஆடும் பிள்ளைக்கு? கைச்செலவுக்குச் சிறு தொகை, தங்க இடம், பின்னாளில் படிப்புக்கு உதவி. படிப்பு உதவி சிறியதன்று, அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால், "நாங்கள் செய்வது உழைப்பு, உழைப்புக்குக் குறைந்தபட்சக் கூலி எங்கே?" என்று முன்னாள் ஆட்டக்காரர்கள் 2014இல் வழக்குமன்றம் ஏறினார்கள். 2020இல் 3 கோடி கனடா டாலருக்கு உடன்பாடு எழுதப்பட்டது. இதற்கிடையில் அரசுகள் என்ன செய்தன தெரியுமா? பிரிட்டிஷ் கொலம்பியா மாநில அரசு 2016இலும், ஒன்டாரியோ மாநில அரசு 2018இலும், இளையோர் ஹாக்கி ஆட்டக்காரர்களைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் பாதுகாப்பிலிருந்தே விலக்கி வைத்தன!

இந்த வினோதத்தை எண்ணிப் பாருங்கள். பார்க்க வருபவன் கேட்கும்போது, "இது பெரிய ஆட்டம், விலை கொடு" என்கிறார்கள். ஆடுபவன் கேட்கும்போது, "இது பிள்ளைகள் ஆட்டம், கூலி எதற்கு?" என்கிறார்கள். வாயிலில் ஒரு நியாயம், களத்தில் ஒரு நியாயம்! விற்கும்போது வணிகம், கொடுக்கும்போது பொழுதுபோக்கு. முதலாளித்துவம் தராசைப் பிடிக்கும் விதம் எந்த நாட்டிலும் ஒன்றுதான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

ஆனால், அதே கனடாவில் நம் நெஞ்சுக்கு இதமளிக்கும் காட்சியும் உண்டு. மேற்கு மாநிலங்களின் இளையோர் சங்கத்தில் மூஸ் ஜா, பிரின்ஸ் ஆல்பர்ட், சுவிப்ட் கரன்ட், லெத்பிரிட்ஜ் என்று நான்கு ஊர்களின் அணிகள் எந்தச் சீமானுக்கும் சொந்தமல்ல. அவை ஊர்மக்களுக்குச் சொந்தம். ஒன்டாரியோவில் பீட்டர்பரோ அணியும் அத்தகையதே. மூஸ் ஜா என்பது முப்பதாயிரத்துச் சொச்சம் மக்கள் வாழும் சிற்றூர். அந்த ஊர் அணி 2024இல் தன் சங்கத்தின் கோப்பையையே வென்றது! அத்தகைய அணிகளும் வாயிலில் கட்டணம் வாங்குகின்றன. வாங்காவிட்டால் விளக்கெரியாது, பேருந்து ஓடாது. ஆனால், கட்டணம் எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு, அந்தக் கட்டணத்தைக் கொடுக்கப் போகும் ஊராரிடமே இருக்கிறது. மிச்சம் விழுந்தால் அது ஒருவர் பையில் விழுவதில்லை, ஆட்டத்துக்கே திரும்புகிறது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம், எங்கும் எப்போதும் கட்டணமே கூடாது என்பதன்று. விலையை நிர்ணயிப்பவர் யார், அந்தப் பணம் எங்கே போகிறது, விலை காரணமாக வெளியே நிற்பவர் யார் என்ற மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும் என்பதே. மூன்றுக்கும் நேரான விடை கிடைத்தால், சிறு கட்டணத்தை மக்கள் மனமுவந்து கொடுப்பார்கள். விடை கிடைக்காவிட்டால், ஒரு ரூபாயும் அநியாயமே.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். இங்கே நிலைமை வேறு. அரங்கம் அரசின் செலவில் எழுந்தது, அதாவது மக்கள் வரிப்பணத்தில் எழுந்தது. தீப்பெட்டி வாங்குபவனும் வரி கொடுக்கிறான், சோப்பு வாங்குபவளும் வரி கொடுக்கிறாள். அந்த வரியில் புல்விரிப்புப் போட்டாகிவிட்டது, விளக்குக் கம்பம் நட்டாகிவிட்டது. பிறகு வாயிலில் நின்று மறுபடியும் காசு கேட்டால், ஒரே பண்டத்தை ஒருவருக்கே இருமுறை விற்பது ஆகாதா?

"இலவசம் என்றால் மதிப்பிருக்காது" என்று உபதேசம் செய்யும் மேதாவிகள் உண்டு. அவர்களைக் கேட்கிறேன்: பள்ளியில் மதிய உணவு இலவசம் என்பதற்காக எந்தக் குழந்தை சோற்றை வாரி இறைத்தது? அந்தச் சோறு பள்ளிக்கு அழைத்து வந்த பிள்ளைகளைக் கண்டோம், அவர்கள் மருத்துவராயும் பொறியாளராயும் உயர்ந்ததைக் கண்டோம். பொது நூலகத்தில் அமர்ந்து படிக்கக் கட்டணமில்லை. அதனால் புத்தகத்துக்கு மதிப்புக் குறைந்ததா? 1948இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட நூலகச் சட்டம், வீட்டு வரியோடு நூலக வரியையும் சேர்த்து வாங்க வழி செய்தது. நூலகம் இலவசம் என்கிறோமே, உண்மையில் அது முன்கூட்டியே நாம் விலை கொடுத்துவிட்ட பொருள்! எழும்பூர் அரங்கமும் மதுரை அரங்கமும் அவ்வாறே. நுழைவுச் சீட்டின் விலையை நாம் முன்னரே செலுத்திவிட்டோம்.

வரிச் சட்டமும்கூட ஒரு வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறது. ஐ.பி.எல். ஆட்டங்களின் டிக்கட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடு சரக்கு-சேவை வரி விதிக்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற ஏனைய விளையாட்டுப் போட்டிகளில், 500 ரூபாய்க்கு மேற்படாத டிக்கட்டுக்கு வரி இல்லை, மேற்பட்டால் 18 விழுக்காடு என்று வைத்தார்கள். கேளிக்கை வணிகம் வேறு, விளையாட்டு வேறு என்பது டில்லிக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால், 500 ரூபாய் என்ற அந்த எல்லைக்கோடு யாருடைய வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்து வரையப்பட்டது? தாய், தந்தை, இரு பிள்ளைகள் என்று நால்வர் சென்றால் 2,000 ரூபாய்! கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அது ஓர் ஆட்டத்தின் விலையா, ஒரு மாதத்து அரிசியின் விலையா?

கோவில்பட்டியை எண்ணிப் பாருங்கள். தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர் பெற்ற அந்தக் கரிசல் பூமி, ஹாக்கிக்கும் பேர் பெற்ற ஊர். அங்கே கட்டையையும் பந்தையும் கைக்குழந்தை போலப் பேணுகிற பிள்ளைகள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அந்த ஊரிலே ஹாக்கி வேரூன்றக் காரணம் என்ன? மைதானத்தின் ஓரத்தில் நின்று அப்பன் பார்த்தான், பிறகு மகன் பார்த்தான், பார்த்தவன் ஒருநாள் கட்டையைக் கையில் எடுத்தான். பார்வையாளனிலிருந்துதான் ஆட்டக்காரன் பிறக்கிறான். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய பாஸ்கரன் தமிழ்நாட்டவர் என்று பெருமை பேசுகிறோம். பெருமை மட்டும் பேசினால் அடுத்த பாஸ்கரன் வந்துவிடமாட்டார். அவர் இன்று எங்கோ ஒரு சிற்றூரில் சிறுவனாக இருக்கிறார். அவரை அரங்கத்துக்குள் அழைத்து வர வேண்டும்.

அழைத்து வருவதென்றால், சீட்டுக் கட்டணத்தை நீக்கிவிட்டால் போதுமா? போதாது. இங்கேதான் நாம் இன்னும் கூர்ந்து நோக்க வேண்டும்.

சீட்டு இலவசம், ஆனால் அதைப் பெற இணையத்தில் பதிய வேண்டும். கைப்பேசி கையில் உள்ளவனுக்கு அது இரண்டு நிமிட வேலை. கைப்பேசி இல்லாத வீட்டுப் பையனுக்கு, எழுத்துக் கூட்டிப் படிக்கும் அவன் தாய்க்கு, அது காசு கேட்காத, ஆனால் கண்ணுக்குத் தெரியாத சுவர்! அடுத்தது, பயணச் செலவு. கோவில்பட்டியிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் வந்து திரும்ப வேண்டும், வழியில் பசியாற வேண்டும். விளக்கொளியில் ஆட்டம் முடியும்போது ஊர் திரும்பப் பேருந்து இருக்க வேண்டும். அடுத்தது, நாள். வேலை நாளில், வகுப்பு நேரத்தில் நடக்கும் ஆட்டத்தை எந்தப் பள்ளிப் பிள்ளை காண்பான், எந்தத் தொழிலாளி காண்பான்? யானையைக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பதுபோல், அரங்கத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு ஒரு பேருந்துக்கும் ஒரு காகிதச் சீட்டுக்கும் தயங்கலாமா?

ஆகவே, நம் கோரிக்கைகள் இவை.

முதலாவது, பொதுப்பணத்தில் எழுந்த அரங்குகளில் நடக்கும் இளையோர் போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்பதை அரசாணையாக எழுதி வைக்க வேண்டும். போட்டியை நடத்த வரும் எந்தச் சங்கத்தோடும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் அது ஒரு நிபந்தனையாக இடம்பெற வேண்டும். விளம்பரமும் ஒளிபரப்பும் தரும் வருவாயில் செலவை ஈடுகட்டட்டும். சிறுவனின் சட்டைப் பையில் கை விட வேண்டாம்.

இரண்டாவது, இருக்கைகளில் ஒரு பகுதியை இணையத்துக்கு அப்பால் நிறுத்தி, வாயிலிலேயே காகிதச் சீட்டாக வழங்க வேண்டும்.

மூன்றாவது, ஹாக்கி ஆடும் ஊர்களின் அரசுப் பள்ளிகளுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கி, பேருந்தும் உணவும் அளித்து அழைத்து வர வேண்டும். விளையாட்டு விடுதிப் பிள்ளைகளுக்கு முதல் வரிசை. ஆம், முக்கியப் பிரமுகர்களுக்கு என்று ஒதுக்குகிறோமே, அந்த வரிசைதான்!

நான்காவது, கட்டணமின்றி நடத்தவே இயலாத சிறு சங்கங்கள் உண்டு. உள்ளூர்ப் பெரியவர்கள் கைக்காசைப் போட்டு நடத்தும் போட்டிகள் உண்டு. அவர்களை வாட்டுவது நம் நோக்கமன்று. அவர்களுக்கு மைதான வாடகையைத் தள்ளுபடி செய்து, கட்டணத்தை ஒரு தேநீரின் விலைக்குள் அடக்கி, வரவு செலவை ஊரார் முன் வைக்கச் செய்யலாம்.

இவற்றை மேலே இருப்பவர்கள் தாமாகச் செய்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம். கேட்காமல் கிடைத்த உரிமை எது? நம் கிளைத் தோழர்கள் தம் பகுதி மைதானங்களுக்குச் சென்று பார்க்கட்டும். பூட்டிக் கிடப்பது எது, வாடகைக்கு விடப்படுவது எது, பள்ளிப் பிள்ளைகள் நுழைய முடியாதது எது என்று கணக்கெடுக்கட்டும். ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி மன்றங்களில் உள்ள நம் உறுப்பினர்கள் தீர்மானம் கொண்டு வரட்டும். அடுத்த இளையோர் போட்டி எந்த ஊரில் நடந்தாலும், கைப்பேசி இல்லாத வீடுகளுக்குச் சென்று சீட்டுப் பதிந்து கொடுக்கும் வேலையைப் படிப்பகத்து இளைஞர்கள் ஏற்கட்டும். சுவரொட்டி ஒட்டுவது மட்டுமே தொண்டு அல்லவே!

தோழர்களே! கல்விக் கூடத்தின் வாயிலில் "உனக்கு இடமில்லை" என்று நின்றவர்களோடு போராடினோம். கோயிலின் வாயிலில், குளத்தின் கரையில், உணவு விடுதியின் உள்ளறையில் போராடினோம். அங்கெல்லாம் தடையாக நின்றது பிறப்பு. அரங்கத்தின் வாயிலில் தடையாக நிற்பது விலை. பிறப்பைக் காட்டித் தடுத்தால் கொதிக்கிறோம். விலையைக் காட்டித் தடுத்தால், "அது வியாபாரம்" என்று விலகிப் போகிறோம். தடுக்கப்பட்டவன் பெரும்பாலும் அதே மனிதன்தான் என்பதை மறந்துவிடுகிறோம்!

2025இல் இரு நகரங்களில் இளையோர் போட்டியின் வாயில் காசின்றித் திறந்தது. அது முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஒருமுறை முடிந்தது எப்போதும் முடியும். திறந்த கதவு மீண்டும் சாத்தப்படாதிருக்கக் காவல் நிற்பது நம் கடமை.